விளையாட்டுப் பொருளுக்குப் புது ஐடியா வேண்டுமா? ஒட்டுவேலை நடக்கும் இடத்தைத் தேடுங்கள்

புதிதாக ஒரு விளையாட்டுப் பொருளைக் கொண்டுவர நினைப்பவர்கள் பெரும்பாலும் நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு யோசிக்க உட்காருகிறார்கள். சென்சார் வைத்த பேட், ஆப்போடு பேசும் பந்து, விளக்கு எரியும் ஸ்டம்ப் என்று பக்கம் நிரம்பிவிடும். அதில் பாதி ஏற்கெனவே சந்தையில் இருக்கும். மீதியை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வேறொரு வழி இருக்கிறது. மெதுவானது, ஆனால் ஏமாற்றாது. ஆட்டக்காரர்கள் இன்றைக்கு எதை ஒட்டி, கட்டி, வெட்டி, சுற்றி ஒப்பேற்றுகிறார்கள் என்று போய்ப் பார்ப்பது. பேட்டின் அடிமுனையில் ஒட்டிய சைக்கிள் டியூப், வேகப்பந்து வீச்சாளரின் ஷூ முனையில் தைத்த டயர்த் துண்டு, கபடிக்காரரின் கால் கட்டைவிரலில் சுற்றிய பிளாஸ்திரி, கீப்பிங் கிளவுஸுக்குள் திணித்த ஸ்பாஞ்சு. இப்படி ஓர் ஒட்டுவேலையைப் பார்த்தாலே மூன்று விஷயம் உறுதியாகிவிடும்: குறை உண்மையானது, அது திரும்பத் திரும்ப வருகிறது, அதைச் சரிக்கட்டக் காசும் நேரமும் செலவழிக்க ஆள் இருக்கிறார். எந்தக் கருத்துக்கணிப்பும் இந்த மூன்றையும் சேர்த்துத் தராது.

பெரிய பொருள்கள் பலவற்றின் பிறப்பும் இப்படித்தான். 1977-ல் அமெரிக்காவின் வெர்மான்டில் லிசா லிண்டால், பாலி ஸ்மித், ஹிண்டா மில்லர் மூவரும், ஆண்கள் விளையாடும்போது அணியும் ஜாக்ஸ்ட்ராப் இரண்டைச் சேர்த்துத் தைத்துப் பார்த்தார்கள். ஸ்போர்ட்ஸ் பிரா அங்கேதான் தொடங்கியது. கிரிக்கெட் வலைப்பயிற்சியில் பந்தெறியப் பயன்படும் சைடுஆர்ம், நாய்க்குப் பந்து வீசும் பிளாஸ்டிக் கரண்டியிலிருந்து வந்தது.

மைதானத்தில் எதைப் பார்ப்பது

முதலில் ஒரு விளையாட்டையும் ஒரு மட்டத்தையும் முடிவு செய்யுங்கள். ‘கிரிக்கெட்’ என்று வைத்துக்கொண்டால் எதுவும் கிடைக்காது. ‘ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பால் டோர்னமெண்ட்’, ‘பள்ளிப் பெண்கள் வாலிபால் அணி’, ‘மன்றத்தில் மாலையில் கேரம் ஆடுபவர்கள்’ என்ற அளவுக்குக் குறுக்க வேண்டும். 58 கிராம் டென்னிஸ் பந்தை அடிக்கும் பேட்டுக்கு வரும் கேடு வேறு, 160 கிராம் தோல் பந்தை அடிக்கும் பேட்டுக்கு வரும் கேடு வேறு.

மேட்ச் நடக்கும்போது ஆட்டத்தைத்தான் பார்ப்பீர்கள். பொருளைப் பார்க்க வேண்டுமானால் மேட்சுக்கு அரை மணி நேரம் முன்னால் போங்கள், முடிந்து அரை மணி நேரம் கழித்துக் கிளம்புங்கள். கிட்பேக் திறக்கும்போது விளையாட்டுக் கடையில் வாங்காத எந்தெந்தப் பொருள் வெளியே வருகிறது? இன்சுலேஷன் டேப், பிளேடு, ரப்பர் பேண்ட், பழைய சாக்ஸ், தேங்காய் எண்ணெய், சேஃப்டி பின். ஒவ்வொன்றும் எதற்கு என்று கேளுங்கள். ஐந்து விஷயங்களைக் குறித்துக்கொண்டால் போதும்: என்ன கெட்டுப்போகிறது, எதைக் கொண்டு சரிக்கட்டுகிறார், அதற்கு என்ன செலவு, எத்தனை ஆட்டம் தாங்குகிறது, அந்தப் பொருளை எங்கே வாங்கினார். பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்து ஒரு போட்டோ. பிறகு வீட்டில் அளவு தெரியாமல் விழிக்க வேண்டியிருக்காது.

‘நான் ஒரு பொருள் கண்டுபிடிக்கப் போறேன்’ என்று அங்கே சொல்ல வேண்டாம். சொன்ன நிமிடத்திலிருந்து எல்லாரும் மரியாதைக்குப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். ‘இப்படி ஒண்ணு வந்தா வாங்குவீங்களா?’ என்ற கேள்வியும் வீண். ‘கண்டிப்பா ப்ரோ, வந்தா சொல்லுங்க’ என்பதுதான் பதில். அதற்கு ஒரு ரூபாய் மதிப்புகூடக் கிடையாது. ‘கடைசியா இது எப்ப பிஞ்சது? அப்ப என்ன பண்ணீங்க? எவ்வளவு ஆச்சு?’ என்று நடந்து முடிந்ததை மட்டும் கேளுங்கள்.

மைதானத்தைவிடச் சில சமயம் பழுது பார்க்கும் இடங்களில் அதிகம் கிடைக்கும். ராக்கெட்டுக்குக் கட் (நரம்பு வலை) போடுபவருக்கு எந்த மாடல் எந்தத் துளையில் விரிசல் விடுகிறது என்று தெரியும். செருப்புத் தைப்பவரிடம் எந்த விளையாட்டுக்காரரின் ஷூ எந்தப் பக்கம் தேய்ந்து வருகிறது என்ற கணக்கு இருக்கும். விளையாட்டுப் பொருள் கடைக்காரரிடம் மூன்று கேள்வி: ‘அண்ணே, திரும்பி வர்ற சரக்கு எது? கேட்டுட்டு இல்லைன்னு போறது எது? ஒரு பொருளோட சேர்த்து வேற என்ன வாங்கறாங்க?’ கூட்டம் இல்லாத பிற்பகலில் போனால் பொறுமையாகச் சொல்வார்.

சுற்றியிருப்பது மாறிய இடம்

ஒட்டுவேலைக்கு அடுத்தபடி நல்ல விளைச்சல் தருவது இது. விளையாட்டு அப்படியே இருக்க, அதைச் சுற்றி ஏதோ ஒன்று மாறியிருக்கும். பழைய பொருள் சத்தமில்லாமல் செய்துவந்த ஒரு வேலை அதோடு போயிருக்கும்.

கேரம் போர்டை எடுத்துக்கொள்ளுங்கள். மன்றங்களில் போர்டுக்கு நேர் மேலே தகர மூடி போட்ட குண்டு பல்பு தொங்கும். அது வெளிச்சத்துக்கு என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். 60 வாட் குண்டு பல்பு மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாகத்தான் வெளியே விடுகிறது. அந்தச் சூடு 74 செ.மீ. சதுரப் பலகையை உலர்வாகவும் வைத்திருந்தது. அதைக் கழற்றிவிட்டு எல்இடி போட்டால் வெளிச்சம் இருக்கும், சூடு இருக்காது. ஐப்பசி மழையில் பலகை ஈரம் இழுக்கிறது, காய் நகர மறுக்கிறது, ஆட்கள் போரிக் பவுடரை அள்ளிக் கொட்டுகிறார்கள். பவுடர் ஈரத்தோடு சேர்ந்து பிசுபிசுக்க, இன்னும் கொட்டுகிறார்கள். இங்கே பொருளுக்கான வாய்ப்பு பவுடரில் இல்லை. பலகையின் அடியில் ஒட்டும் குறைந்த வாட் சூட்டுத் தாள், ஆடாத நேரத்தில் போர்த்தி வைக்க ஈரம் உறிஞ்சும் பை உள்ள உறை, அடிப்பக்கத்துக்கும் ஓரங்களுக்கும் ஈரத்தடைப் பூச்சு என்று யோசனை வேறு திசையில் கிளை விடுகிறது. பலகையின் மேல்பக்கம் மட்டும் மெருகேற்றி அடிப்பக்கத்தை வெறும் மரமாக விட்டால், ஒரு பக்கம் மட்டும் ஈரம் ஏறி நடுவில் வளையும். பல மலிவு போர்டுகளின் கோளாறு இதுதான்.

கபடியில் மண் தரை போய் மேட் வந்தது. ஒரு மீட்டர் சதுரத் துண்டுகளைப் பல்லோடு பல் கோத்து 13க்கு 10 மீட்டர் களம் அமைக்கிறார்கள். மண்ணில் வெறுங்காலோடு ஆடிப் பழகியவருக்கு மேட்டில் மூன்று புதுத் தொல்லை: முட்டியில் தோல் தேய்ந்து எரிவது, துண்டுகள் சேரும் இடுக்கில் விரல் மாட்டுவது, வெளித்தூசு ஒட்டிய காலோடு உள்ளே வந்து வழுக்குவது. மூன்றாவதற்கு ஓரத்தில் ஈரச் சாக்கு போட்டு வைக்கிறார்கள். ஊர் டோர்னமெண்ட்டில் அந்தச் சாக்கைக் கவனித்தால் ஒரு பொருளுக்கான விவரம் முழுக்க அதில் இருக்கிறது: எவ்வளவு ஈரம் வேண்டும், எத்தனை கால் பட்டதும் அது சேறாகிறது, யார் அதைப் பிழிகிறார்.

இறகுப்பந்து மாடிக்கும் தெருவுக்கும் போனதும் இப்படித்தான். காற்று குறுக்கே வந்தது. உலகக் கூட்டமைப்பே 2019-ல் திறந்தவெளிக்கென்று தனி ஷட்டிலோடு ஏர் பேட்மிண்டனை அறிமுகப்படுத்தியது.

யாரை மனதில் வைத்துச் செய்யவில்லை?

கடையில் உள்ள பொருள் பெரும்பாலும் வலதுகைக்கார, நடுத்தர உயர ஆணுக்கு அளவெடுத்தது. பள்ளிப் பெண்கள் அணிக்கு ஆண்கள் ‘ஸ்மால்’ முட்டிக் கவசம் கொடுத்தால் மேலே தளர்ந்து கீழே இறுகும்; நாடா கட்டி ஆடுகிறார்கள். நாற்பது வயதுக்கு மேல் ஷட்டில் ஆட வருபவர்களுக்கு முழங்கை வலி இல்லாத பிடி வேண்டும். உட்கார்ந்து குண்டு எறியும் மாற்றுத்திறனாளி வீரர்களுக்கான இருக்கை, மெத்தையோடு சேர்த்து 75 செ.மீ. உயரத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி; ஒவ்வொருவரின் உடலுக்கும் ஏற்ப அதை வெல்டிங் பட்டறையில் சொல்லிச் செய்ய வேண்டியிருக்கிறது. விதிக்குள் நிற்கும், பிரித்து பஸ்ஸில் ஏற்றக்கூடிய ஓர் இருக்கை இங்கே உண்மையான தேவை. எண்ணிக்கை குறைவு, ஆனால் போட்டியும் குறைவு.

காரணம் வரை தோண்டுங்கள்

ஒட்டுவேலையை அப்படியே அழகாக்கி விற்றால் பெரும்பாலும் தோற்கும். அது காரணத்தைத் தொடாமல் அறிகுறியை மட்டும் மூடியிருக்கும்.

ஹோவர்ட் ஹெட் உலோகப் பனிச்சறுக்குக் கட்டைகள் செய்து பெயர் வாங்கியவர். ஓய்வுக்குப் பிறகு டென்னிஸ் ஆடவந்தபோது, பந்து ராக்கெட்டின் நடுவில் படாமல் ஓரத்தில் பட்டால் ராக்கெட் கையில் திருகிக்கொண்டது. முதலில் இரண்டு பக்கமும் எடை சேர்த்துப் பார்த்தார். திருகலை எதிர்க்கும் திறன் எடைக்கு நேர் விகிதத்தில்தான் கூடும். அகலத்துக்கோ அதன் வர்க்கத்தில் கூடும். எடையைக் கூட்டாமல் அகலத்தை 10 சதவீதம் கூட்டினால் திறன் 21 சதவீதம் ஏறிவிடும். அகன்ற தலை ராக்கெட் பிறந்தது இந்தக் கணக்கில். 1976-ல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். ‘பிடியை இன்னும் சொரசொரப்பாக்கலாம்’ என்று நின்றிருந்தால் அவர் கையில் ஒரு டேப்தான் மிஞ்சியிருக்கும்.

இப்போது நம் ஊர் பேட்டின் அடிமுனைக்கு வருவோம். வில்லோ மரத்தின் நார் பிளேடில் மேலிருந்து கீழாக ஓடுகிறது. அடிமுனை அந்த நார்களின் வெட்டு வாய். நீரை அது உறிஞ்சும் வேகம் பிளேடின் முகத்தைவிடப் பல மடங்கு அதிகம். மார்கழி இரவு மேட்சில் பனி நனைந்த புல்லில் பேட்டை ஊன்றி நிற்கிறார்கள். முனை ஊறி உப்புகிறது. மறுநாள் வெயிலில் சுருங்குகிறது. இப்படி நான்கைந்து முறை ஆனால் மயிரிழை விரிசல். அதன் மேல் ஒரு யார்க்கர் பட்டால் பிளந்துவிடும். இது முதல் காரணம். இரண்டாவது, சிமெண்ட் பிட்ச்சில் தட்டித் தட்டியும் ரன் ஓடும்போது இழுத்தும் முனை தேய்வது.

சைக்கிள் டியூப் இரண்டாவதை மட்டும்தான் தடுக்கிறது. முதலாவதை மோசமாக்குகிறது: ஓரம் பெயர்ந்ததும் உள்ளே போகும் நீருக்கு வெளியே வர வழியில்லை. டியூப் ஏன் பெயர்கிறது? பஞ்சர் கடைக்காரர் டியூபின் மேல்தோலை உப்புத்தாளால் தேய்த்து, துடைத்து, சொல்யூஷன் தடவி, அது பாதி காய்ந்த பிறகுதான் ஒட்டுவார். ஆட்டக்காரர் தேய்ப்பதும் இல்லை, காத்திருப்பதும் இல்லை. அந்தச் சொல்யூஷன் ரப்பரையும் ரப்பரையும் பிடிக்கத்தான். ஆளி எண்ணெய் தடவிய மரத்தில் அதற்குப் பிடிமானம் கிடையாது. போதாக்குறைக்கு, கிரீஸுக்குள் பேட்டை இழுத்து ஓடும்போது முன் ஓரம்தான் தரையில் மாட்டுகிறது. பெயர்ந்த டியூப்களைப் பார்த்தால் முன்பக்கத்திலிருந்தே உரிந்திருக்கும்.

இவ்வளவு தெரிந்த பிறகு என்ன செய்ய வேண்டும் என்பது தானாக வரிசையில் வந்து நிற்கும். வெட்டு வாயின் துளைகளை அடைக்க வேண்டும். தேய்மானத்தை வேறொரு தகடு தாங்க வேண்டும். ஓரம் மேல்நோக்கி உருண்டு மடிய வேண்டும். மொத்த எடை 15 கிராமைத் தாண்டக் கூடாது. கையிலிருந்து மிகத் தொலைவில் இருப்பதால் அங்கே சேரும் சிறு எடையும் பேட்டை வீசும்போது உறைக்கும். தடிமன் 3 மி.மீ.க்குள் நிற்க வேண்டும். கிரிக்கெட் விதிகளை வகுக்கும் எம்சிசி அமைப்பு முனைக் காப்புக்கு வைத்துள்ள உச்சவரம்பு அது. வீட்டிலேயே பத்து நிமிடத்தில் போட முடிய வேண்டும்.

ஐடியாக்களை எழுதுவது இந்தக் கட்டத்தில்தான். லேட்டக்ஸில் முக்கி எடுப்பது: ஓரமே இல்லாததால் உரியாது, ஆனால் சிமெண்ட்டில் சீக்கிரம் தேய்ந்துவிடும். சூட்டில் சுருங்கும் உறை: நன்றாகப் பிடிக்கும், ஆனால் வீட்டில் சூடு கொடுப்பது சமமாக வராது, மரம் கருகும். அச்சில் வார்த்த ரப்பர் தொப்பி: பார்க்கக் கச்சிதம், ஆனால் முனை வட்டமாக உள்ள பேட், தட்டையாக உள்ள பேட் என்று வடிவத்துக்கொரு அச்சு வேண்டும். கடைசியில் மிஞ்சுவது ஒரு சின்னப் பொட்டலம்: துளை அடைக்கும் திரவம், ஓரம் சீவிய இரண்டு தகடு, ஓர் உப்புத்தாள், பசை. பார்க்கக் கவர்ச்சியாக இல்லை. வேலை செய்யும்.

விதி எனும் சல்லடை

போட்டியில் பயன்படும் பொருளென்றால் அந்த விளையாட்டின் விதிப்புத்தகத்தில் கருவிகள் பற்றிய பகுதியை முதல் வாரத்திலேயே படித்துவிடுங்கள். 1979 டிசம்பரில் பெர்த் டெஸ்டில் ஆஸ்திரேலிய வீரர் டென்னிஸ் லில்லி அலுமினிய பேட்டோடு இறங்கினார். பிறகு பிளேடு மரத்தால்தான் இருக்க வேண்டும் என்று விதி வந்தது. 2008-ல் நீச்சல் சாதனைகளைக் குவித்த பாலியுரித்தேன் உடைகளுக்கு 2010 தொடக்கத்தில் தடை. ஓட்டக் காலணியின் அடிப்பாகம் தடித்துக்கொண்டே போனதும் 2020-ல் 40 மி.மீ. என்று கோடு போட்டார்கள். கிரிக்கெட் பேட்டின் அகலம் 108 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது; 2017 அக்டோபர் முதல் தடிமனுக்கு 67, ஓரத்துக்கு 40 மி.மீ. என்ற வரம்பும் வந்தது. கேரம் ஸ்ட்ரைக்கர் 15 கிராமுக்கு மேல் போகக் கூடாது.

தடைகள் எல்லாம் ஆட்டத்துக்குள் பயன்படும் பொருளுக்குத்தான் என்பதைக் கவனியுங்கள். பயிற்சிக் கருவி, பராமரிப்புப் பொருள், தூக்கிச் செல்லும் பை, ஸ்கோர் எழுதும் கருவி, ஆட்டத்துக்குப் பின் உடம்பைத் தேற்றும் சாமான் போன்றவற்றுக்குப் பெரும்பாலும் விதிப்புத்தகத்தின் அனுமதி வேண்டாம். புதிதாகத் தொடங்குபவருக்கு இந்தப் பக்கம்தான் சரி.

தலைக்கவசம், கழுத்துக் காப்பு போன்றவற்றைத் தொடாமலிருப்பது நல்லது. கிரிக்கெட் ஹெல்மெட்டுக்கு பிஎஸ் 7928:2013 என்ற பிரிட்டிஷ் தரம் இருக்கிறது. அதற்கான ஆய்வகச் சோதனை இல்லாமல் ஒரு பொருளை விற்றால் அடிபடுவது இன்னொருவர் மண்டை. அட்டையில் ‘காயம் வராது’ என்று எதன் மேலும் அச்சடிக்காதீர்கள்.

பக்கத்துத் தொழில்

ஐடியாவைப் பொருளின் பக்கமிருந்தும் பிடிக்கலாம். பேட், பந்துக்கு மீரட்டும் ஜலந்தரும் இருக்கின்றன. அவர்களோடு அதே பாதையில் போட்டி போடுவது கடினம். தமிழ்நாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவை வேறு: திருப்பூரின் பின்னலாடை, ஆம்பூர்–வாணியம்பாடியின் ஷூ வேலை, கோவையின் லேத், அச்சுப் பட்டறைகள், பொள்ளாச்சியின் தென்னை நார், ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியின் பேண்டேஜ் துணி. ரப்பர் பால் கலந்த தென்னை நார் மெத்தைக்குப் போகிறது; அதே தகடு உயரம் தாண்டும் பயிற்சியில் விழுவதற்கான மெத்தையின் அடுக்காகுமா? ஒட்டும் பேண்டேஜைக் கபடிக்காரரின் விரல் அளவுக்கு முன்கூட்டியே வெட்டி, வியர்வையில் நழுவாத பசையோடு தர முடியுமா? பட்டறையில் போய் ‘இதில் கழிவாக விழுவது எது?’ என்று கேட்பது இன்னும் நல்ல தொடக்கம்.

யார் காசு கொடுக்கிறார்?

பயன்படுத்துபவரும் வாங்குபவரும் பல நேரம் வேறு வேறு ஆள். பெற்றோர் பாதுகாப்புக்குக் கொடுப்பார்கள். டோர்னமெண்ட் நடத்துபவர் ஸ்பான்சர் பெயர் தெரியும் பொருளுக்குக் கொடுப்பார். பள்ளியில் பி.டி. மாஸ்டர் ஆசைப்பட்டாலும் பில்லோடு மொத்தமாகத்தான் வாங்க முடியும். ஆட்டக்காரர் தன் பையிலிருந்து எடுப்பது அடுத்த மேட்சுக்குள் தீரவேண்டிய தொல்லைக்கு.

ஒருமுறை வாங்கினால் ஐந்து வருடம் வரும் பொருளைவிட, மாதாமாதம் தீரும் பொருள் சிறு தயாரிப்பாளரைக் காப்பாற்றும். கடை விலை, தயாரிப்புச் செலவைப் போல மூன்றரை முதல் நான்கு மடங்கு வர வேண்டும். மொத்த வியாபாரி, கடைக்காரர், போக்குவரத்து, திரும்பி வரும் சரக்கு எல்லாம் அதற்குள்தான். 149 ரூபாய்க்கு விற்க வேண்டுமானால் அட்டைப்பெட்டியோடு சேர்த்து 40 ரூபாய்ச் சுற்றில் முடிய வேண்டும். முடியாவிட்டால் பொருளைச் சிறிதாக்குங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே இருக்கிறதா?

முதலில் இணையக் கடைகளில் தேடுங்கள். ‘பொருளின் பெயர்’ தெரியாததால் தொல்லையின் பெயரால் தேடுவது நல்லது. இறகு ஷட்டிலுக்கு ஆவி காட்டி ஈரமேற்றுவதைப் பார்த்து, டப்பா மூடிக்குள் ஸ்பாஞ்சு வைக்கலாமே என்று தோன்றும்; ஷட்டிலை ஈரமாக வைக்கும் டப்பாக்கள் விற்பனையில் உண்டு.

அடுத்து காப்புரிமைகள். கூகுள் பேட்டண்ட்ஸ், எஸ்பாஸ்நெட், இந்திய அலுவலகத்தின் இன்பாஸ் என்ற மூன்று தேடுதளங்களும் இலவசம். வெறும் சொல்லை வைத்துத் தேடினால் தப்பிவிடும். வகைக்குறியீட்டை வைத்துத் தேடுங்கள். விளையாட்டுக் கருவிகள் ஏ63பி. அதில் 49 நரம்பு பின்னிய ராக்கெட், 59 பேட், 60 அவற்றின் துணைப்பொருள்கள், 69 பயிற்சிக் கருவிகள். விளையாட்டுக் காலணி ஏ43பி 5.

இந்தியச் சட்டத்தில் இரண்டு பிரிவுகள் இந்தத் துறையில் பலரைக் கவிழ்க்கின்றன. 3(எம்): விளையாடும் முறைக்குக் காப்புரிமை கிடையாது, புது விளையாட்டைக் கண்டுபிடித்தால் அதன் விதிகளைப் பூட்டி வைக்க முடியாது. 3(எஃப்): தெரிந்த இரண்டு கருவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றும் தன் வேலையைத் தனியாகச் செய்தால் அது கண்டுபிடிப்பு ஆகாது. பேட்டில் விசில் கட்டுவது இந்த ரகம். தோற்றம் மட்டும் புதிதென்றால் டிசைன் பதிவு போதும். 10 வருடம், பிறகு 5 வருட நீட்டிப்பு.

காப்புரிமைக்கு முதலில் தற்காலிக விண்ணப்பம் போட்டு, 12 மாதத்துக்குள் முழு விவரம் தரலாம். சென்னை அலுவலகம் கிண்டியில். தனிநபருக்கு இணையவழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். முகவர் கூலி தனி. விண்ணப்பம் போடும் முன் ரீல்ஸில் காட்டிவிட்டால் புதுமை போச்சு. உங்கள் வீடியோவே உங்களுக்கு எதிரான ஆதாரமாகிவிடும்.

மாதிரி செய்து உடைத்துப் பாருங்கள்

முதல் மாதிரி அட்டை, ஃபோம், டேப்பில். அளவும் பிடிப்பும் சரியா என்பதற்கு அதுவே போதும். அடுத்தது த்ரீடி பிரிண்ட். இங்கே ஒரு பொறி: மலிவான பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரி வாக்கில் இளகிவிடும். சித்திரை வெயிலில் காருக்குள் வைத்த மாதிரி மாலையில் வளைந்திருக்கும். ‘டிசைன் சரியில்லை’ என்று தவறாக முடிவெடுப்பார்கள். வெயிலில் கிடக்கும் பொருளுக்கு பெட்ஜி (PETG) பிளாஸ்டிக், வளைய வேண்டியதற்கு டிபியு (TPU). சில பத்து எண்ணிக்கை வேண்டுமானால் சிலிகான் அச்சில் வார்க்கலாம். ஓர் அச்சு 20 வார்ப்புக்குப் பிறகு கிழிய ஆரம்பிக்கும். எஃகு அச்சு லட்சங்களில் போகும் செலவு. ஐம்பது பேராவது காசு கொடுத்து வாங்கும் வரை அதை நினைக்கவே வேண்டாம்.

சோதனை எளிதாக இருக்கட்டும், ஆனால் எண் வர வேண்டும். முனைக் காப்புக்கு இப்படி: உடைந்த பேட் ஒன்றின் அடிப்பாகத்தை நெடுக்காக மூன்று துண்டாக அறுங்கள்; பக்கவாட்டு அறுப்பு வாய்களை மெழுகால் அடைத்துவிடுங்கள். ஒன்று வெறுமனே, ஒன்றில் சைக்கிள் டியூப், ஒன்றில் உங்கள் பொருள். 0.1 கிராம் காட்டும் தராசில் எடை போட்டு, 10 மி.மீ. ஆழ நீரில் ஒரு மணி நேரம் நிறுத்தி, துடைத்து மறுபடி எடை போடுங்கள். பிறகு 2 கிலோ பளுவோடு சிமெண்ட் தரையில் 30 செ.மீ. தூரம் 500 இழுப்பு. அதற்குப் பிறகு மீண்டும் நீரில். தேய்ந்த பிறகும் நீர் தடுக்கிறதா என்பதுதான் கேள்வி. புதிதாக இருக்கும்போது எல்லாமே தடுக்கும்.

மைதானச் சோதனைக்குப் பத்து பேர் போதும். அதில் நண்பர்கள் வேண்டாம். பசையும் தகடும் கொடுத்துவிட்டுப் பேசாமல் நின்று பாருங்கள். குறிப்புத் தாளைப் படிக்க மாட்டார்கள். உப்புத்தாளை யாரும் எடுக்கவில்லையென்றால் குற்றம் அவர்கள் மேல் இல்லை; தேய்க்காமலே ஒட்டும் பசையைத் தேட வேண்டும், அல்லது உப்புத்தாளை எடுக்காமல் தகட்டை எடுக்க முடியாதபடி பொட்டலத்தை மடிக்க வேண்டும். நான்கு மேட்ச் கழித்து ஒன்றே ஒன்றைக் குறியுங்கள்: எந்த ஓரத்தில், எத்தனை மி.மீ. பெயர்ந்திருக்கிறது.

முதல் ஐம்பதை இலவசமாகக் கொடுக்காதீர்கள். இலவசப் பொருளைப் பற்றி யாரும் குறை சொல்ல மாட்டார்கள். முழு விலை வாங்கிக்கொண்டு, ‘பிடிக்கலைன்னா கொண்டு வாங்க, காசு தர்றேன்’ என்று சொல்லி இரண்டே கடைகளில் வையுங்கள். மூன்று மாதத்தில் திரும்பி வந்தவை எத்தனை, மறுபடி வாங்க வந்தவர்கள் எத்தனை என்ற இரண்டு எண்களைக் கடைக்காரரிடம் கேளுங்கள். திரும்பி வருபவர் இல்லை, மறுபடி வாங்குபவரும் இல்லை என்றால் பொருள் கிட்பேக்கில் தூங்குகிறது என்று அர்த்தம்.

காலத்தையும் கணக்கில் வையுங்கள். ஊர் டோர்னமெண்ட்டுகள் பொங்கலை ஒட்டிச் சூடு பிடித்துக் கோடை விடுமுறை வரை ஓடும். அதற்குச் சரக்கு டிசம்பர் முதல் வாரம் கடையில் இருக்க வேண்டும். அச்சு, அட்டைப்பெட்டி, பசை எல்லாவற்றுக்கும் ஆர்டர் தீபாவளிக்கு முன்பே போயிருக்க வேண்டும். தீபாவளி முடிந்து பட்டறைகள் முழுவீச்சுக்குத் திரும்ப ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். ஈரத்தைப் பற்றிய சோதனையை மட்டும் ஐப்பசி, கார்த்திகை மழையிலேயே முடித்துவிடுங்கள்.